அக்கா நிற்கும் திருப்பம்

என் கணவருக்குத் திசை தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு ரசம் வைக்க வராது, இவருக்குத் திசை வராது, அவ்வளவுதான். தாம்பரத்தில் பிறந்து தாம்பரத்திலேயே வளர்ந்த மனுஷன். இன்றைக்கும் ரயிலை விட்டு இறங்கினால், கிழக்கே போக வேண்டியவர் மேற்குப் பக்கப் படியில் இறங்கி நின்று, எதிரே இருக்கும் கடைகளைப் பார்த்து, யாரோ ஊரையே மாற்றி வைத்துவிட்டது போல முழிப்பார். இத்தனைக்கும் மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு இடது வலது மட்டும் ஏன் பிடிபடவில்லை என்று கல்யாணமான நாளிலிருந்து யோசிக்கிறேன். நான் கணக்கு டீச்சர். எனக்கே விடை வரவில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு, மோட்டார் சைக்கிளில் ஜிபிஎஸ் கருவி ஒன்று மாட்டப்போவதாகச் சொன்னார். புடவை எடுக்கவில்லை, மண்டபத்தில் சமையலுக்குச் சொல்லவில்லை. இவர் முதலில் நினைத்தது ஜிபிஎஸ்.

“ஃபோன்லயே மேப் இருக்கே, அது பத்தாதா?” என்றேன்.

“பத்திரிகை வைக்கப் போறப்ப ஃபோன் சும்மா இருக்குமா? சரியா திரும்புற இடத்துல யாராவது கூப்பிடுவாங்க, மேப் மறைஞ்சுடும்” என்றார்.

அதில் நியாயம் இருந்தது. ஏற்கெனவே கொஞ்ச நாள் ஃபோனை ரப்பர் பட்டையால் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு, எங்கள் வீடு இருக்கிற மாடம்பாக்கத்திலிருந்து கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். வண்டியின் அதிர்விலேயே ஃபோனின் கேமரா கெட்டுப்போனது. எங்களை எடுத்தால் தண்ணீருக்குள் நிற்பவர்களைப் போல ஆடிக்கொண்டு தெரிந்தோம். வெயில் ஏறிவிட்டால் திரையில் அவர் முகம்தான் தெரியுமே தவிர ரோடு தெரியாது.

ஆனால் உண்மையான காரணம் ஃபோன் இல்லை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். காரணம், அவருடைய அக்கா.

அவருக்கு அக்கா என்றால் எனக்கும் அக்காதான். மாமியார் போன பிறகு இவரையும் இவர் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர். இவர் பள்ளிக்கூடம் விட்டு வழி மாறிப் போய்விடுவார் என்று சாயங்காலமானால் தெருமுனையில் வந்து நிற்பாராம். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அத்தானும் காலமான பிறகு, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி உள்ளே ஒரு புது லேஅவுட்டில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார். அந்த லேஅவுட்டில் எல்லாத் தெருவும் ஒரே அகலம், எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சை கேட், பாதி மனைகளில் முள்செடி. நாங்கள் எத்தனை தடவை போனாலும் அதற்குள் சுற்றாமல் அக்கா வீட்டை அடைந்ததில்லை. சுற்றிவிட்டு ஃபோன் பண்ணுவோம். கொஞ்ச நாளில் அக்காவே முந்திக்கொண்டார். நாங்கள் கிளம்புகிறோம் என்று சொன்னாலே போதும், முட்டிவலியோடு நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து, பேக்கரி இருக்கிற திருப்பத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயிலில் நிற்காதீர்கள் என்று சொன்னால், “சும்மாதான் நின்னேன்” என்பார்.

“என் பொண்ணு கல்யாணத்துக்கு அக்காவைக் கூப்பிடப் போறப்ப அவங்க ரோட்ல நிக்கக் கூடாது. உள்ள சேர்ல உக்காந்திருக்கணும். நாம வாசல்ல போயி பெல் அடிக்கணும்” என்றார் இவர். நான் பணத்தை எடுத்து வைத்தேன்.

கருவி வாங்க, திருச்சிக்குப் போகிற ஜிஎஸ்டி ரோட்டில் ஹெல்மெட், சீட் கவர் எல்லாம் விற்கிற ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று மிஷின்களை எடுத்து வைத்தார். “இத்த பாரு சார். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. கிளவுஸ் போட்டுகினே தொடலாம். பேட்டரி சோக்கா நிக்கும்.”

இவர் அதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. முதல் மிஷினைக் கையில் எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்தார். அக்கா வீடு இருக்க வேண்டிய இடம் வெறும் பச்சையாக இருந்தது. “இதுல வயல்தான் இருக்கு” என்று கீழே வைத்தார். இரண்டாவதிலும் வயல். மூன்றாவதில் மட்டும் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனார். பஸ்களும் லாரிகளும் போகிற ரோட்டோரத்தில் நின்று மிஷினைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெயிலிலும் அந்தக் கோடு தெரிந்தது.

“இன்னா சார், ஒரு தெருவ வச்சா மிஷின் வாங்குவாங்க?” என்றார் கடைக்காரர்.

“அந்தத் தெருவுக்குத்தாங்க வாங்குறோம்” என்றேன் நான்.

வாங்கியது ஒரு நாள் வேலை. மாட்டியது ஒரு பெருங்கூத்து. யாரையும் தொடவிடாமல் தானே மாட்டுவேன் என்று உட்கார்ந்தார். கம்பெனியில் பாகங்களை அளக்கிற மாதிரி ஹேண்டில்பாரின் கனத்தை அளந்து எழுதிக்கொண்டு போய் கிளாம்ப் வாங்கி வந்தார். முதலில் நடுவில் மாட்டினார். ஸ்பீடோமீட்டர் மறைந்துவிட்டது. “நீங்க போற ஸ்பீடுக்கு மீட்டர் எதுக்கு?” என்றேன். அடுத்து வலது பக்கக் கண்ணாடியின் தண்டில் மாட்டினார். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் மிஷினின் கனத்தில் கண்ணாடியும் சேர்ந்து திரும்பி, பின்னால் வருகிற வண்டிக்குப் பதில் என் தோள் தெரிந்தது. கடைசியில் மீட்டருக்கு மேலே ஒரு அலுமினியப் பட்டை வைத்து, அதன் மேல் ரப்பர் வாஷர் போட்டு, கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்து மாட்டினார். நன்றாகவே இருந்தது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

ஆனால் சாவியை அணைத்தால் மிஷினும் அணைகிற மாதிரி ஒயர் கொடுக்காமல், பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துவிட்டார். ராத்திரி முழுக்க அது தன் பாட்டுக்கு விழித்திருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குக் கிளம்பினால் வண்டி கிணுக் என்றுகூடச் சத்தம் போடவில்லை. நான் பட்டுப்புடவையோடு பின்னால் தள்ள, இவர் கோட்டோடு முன்னால் ஓட, தெருவே பார்த்தது. “தரம் பாக்குற ஆபீசர் செஞ்ச வேலை!” என்று நான் சொன்னதற்கு அன்று மத்தியானம்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒயரை மாற்றிக் கொடுத்தார்.

மிஷின் வெளியே பேசாது. வழி சொல்வதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் வைத்த ஸ்பீக்கரில்தான். அதாவது, என் கணவர் காதுக்குள் ஒரு பெண் பேசிக்கொண்டே வருவாள், பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒன்றும் கேட்காது. இவ்வளவு வருஷமாக நான் சொன்ன எதையும் கேட்காதவர் அவள் சொன்னால் உடனே திரும்பினார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பத்திரிகை வைப்பதில் எங்கள் குடும்பத்தில் ஒரு வரிசை உண்டு. சபையில் ஒன்று வைத்து ஜெபம் பண்ணிய பிறகு, சொந்தத்தில் முதல் பத்திரிகை மூத்தவருக்கு. அவருக்கு வைக்காமல் இளையவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் மூத்தவர் கல்யாணத்துக்கு வருவார், ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடாமல் போய்விடுவார். மகளைக் கைபிடித்து சர்ச்சில் ஆல்டர் மேடைக்கு அருகே அழைத்துப்போக வேண்டிய அத்தை கடைசி வரிசையில் உட்காருவதை நினைத்துப் பார்க்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

கிளம்புகிற அன்று காலையிலேயே அக்காவுக்கு வருகிறோம் என்று ஃபோனில் சொல்லிவிட்டு, அன்றைக்குப் போக வேண்டிய வீடுகளையெல்லாம் இவர் மிஷினில் போட்டு வைத்தார். அச்சகத்தில் சணல் போட்டுக் கட்டிக் கொடுத்த பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமல் பையில் வைத்தேன். அக்கா வீட்டில்தான் பிரிக்க வேண்டும். பழம், கல்கண்டு, அக்காவுக்குப் புடவை. பை எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துகொண்டது. வண்டலூர் வரைக்கும் எனக்கு வழி தெரிந்தது. அதற்குப் பிறகு ஜிஎஸ்டி ரோட்டை விட்டு உள்ளே புகுந்தார்.

“எங்க போறீங்க?”

“ட்ராஃபிக்குக்குச் சுத்தி விடுதும்மா. அதுக்குத் தெரியும்.”

அதுவரை பார்த்தே இராத தெருக்கள். ஒரு காலி மனை, ஒரு டியூஷன் சென்டர், சுவர் முழுக்க பெயின்ட் விளம்பரம். கடைசியாக ஒரு திருப்பம் திரும்பி வண்டி நின்றது. கேட்டுக்கு உள்ளே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். என் சின்ன நாத்தனார். நாங்கள் நின்றது ஊரப்பாக்கத்தில், அவள் வீட்டு வாசலில். வழக்கமாக வருகிற பக்கமாக வராமல் பின்பக்கமாக வந்ததால், நிற்கிறவரைக்கும் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

“வரிசையைச் சரிபண்ணட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன்” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே முணுமுணுத்தார். மிஷினுக்கு மூத்தவர் இளையவர் தெரியுமா? பக்கத்தில் இருக்கிற வீட்டை முதலில் வைத்துவிட்டது.

“வாங்கண்ணா! வாங்கண்ணி!” என்று அவள் கேட்டைத் திறந்தாள். திரும்பிப் போகவா முடியும்?

“சும்மா… இந்தப் பக்கமா வந்தோம்” என்றேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பை நிறையப் பழம். சும்மா வந்தவள் கோலமா அது?

அவளுக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு தோசை வார்த்தாள். பத்திரிகை பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம், மழையே இல்லாத மாதத்தில். கிளம்பும்போது, “ஒரு ஃபோட்டோ அண்ணி” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து பத்திரிகைக் கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். “இது நல்லா தெரியணும்” என்றாள். கேலி பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் அந்த ஃபோட்டோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. ‘அண்ணனும் அண்ணியும் நம்ம வீட்டில்.’ அந்தக் குழுவில் அக்காவும் இருக்கிறார். அவர் பார்த்துவிட்டார் என்பதும் தெரிந்தது. பதில் ஒன்றும் வரவில்லை.

கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் எல்லாம் எப்படிக் கடந்தோம் என்று எனக்கு நினைவில்லை. வழி நெடுக இவர் முதுகு விறைத்துப்போய் இருந்தது. மிஷினில் மற்ற வீடுகளையெல்லாம் அழித்துவிட்டு அக்கா வீட்டை மட்டும் வைத்திருந்தார். சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அது எங்களைத் திருப்பியது. கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர்களை ஒட்டி, புதிதாகப் போட்ட ஒரு தார் ரோட்டில், ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் கொண்டுபோய், ஒரு பச்சை கேட் முன்னால் நிறுத்தியது. அக்கா வீடு. ஒரு சுற்று சுற்றவில்லை, ஒருவரைக் கேட்கவில்லை, ஒரு ஃபோன் பண்ணவில்லை.

“பாத்தியா!” என்றார். வண்டியை நிறுத்திவிட்டு மிஷினைத் தட்டிக் கொடுத்தார். ஹெல்மெட்டைக் கழற்றித் தலையை வாரிக்கொண்டார். அந்த நிமிஷம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மனசுக்குள் அந்த ஹெல்மெட்டுப் பெண்ணை நானும் மன்னித்தேன்.

கேட்டில் பூட்டு தொங்கியது.

ஃபோன் பண்ணினார். பூட்டிய வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “டீச்சரம்மா உங்களுக்கோசரம்தான் ரோட்டாண்ட போய்கீறாங்க. குடை எடுத்துகினு அப்பவே போனாங்க.”

இவர் கேட்டைப் பிடித்தபடி நின்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்து, “ஏறுங்க, போலாம்” என்றேன். மெயின் ரோட்டுக்குப் போகிற வழியை மிஷின்தான் காட்டியது.

பேக்கரிக்கு நிழல் இருக்கிறது. அக்கா நிழலில் நிற்கவில்லை. நிழலில் நின்றால் ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாதாம். வெயிலில், குடையை ஒரு கையிலும் இடுப்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, தாம்பரம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் அவருக்கு முதுகுப் பக்கமாக வந்து நின்றோம்.

“அக்கா” என்றார் இவர்.

திரும்பிப் பார்த்தார். “எங்கேருந்துடா வர்ற? நான் அந்தப் பக்கம்ல பாத்துட்டிருக்கேன்?”

“வீட்டுக்கே போயிட்டோம்க்கா. பூட்டியிருந்துச்சு.”

“வீட்டுக்கா? நீயா?” நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

நான் அதற்குள் சொல்ல ஆரம்பித்தேன், “அக்கா, தங்கச்சி வீட்டுக்கு நாங்க வேணும்னு…”

“தெரியும். கட்டு பிரிக்காமத்தானே மடியில வச்சிருந்த? ஃபோட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். சணல் முடிச்சு அப்படியே இருந்துச்சு” என்றார். “பிரிச்சிருந்தா நான் ரோட்டுக்கு வந்திருப்பேனா?”

சின்ன நாத்தனாரை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேலி என்று நினைத்தேனே!

என் இடத்தில் அக்காவை ஏற்றினோம். “ஹெல்மெட்டைக் கழட்டு, நான் சொல்றது காதுல விழணும்ல” என்றார் அக்கா. இவர் கழற்றி என்னிடம் கொடுத்தார். அப்புறம் அக்கா இவர் தோளில் தட்டித் தட்டி, இடது, வலது, பள்ளம் பாத்து, என்று சொல்லிக்கொண்டே போக, வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. பையையும் ஹெல்மெட்டையும் சுமந்துகொண்டு நான் பின்னால் நடந்தேன். கையில் இருந்த ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் சன்னமாக வழி சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. முன்னால் போன இவர் முதுகில் இப்போது விறைப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பூட்டைத் திறந்து உள்ளே போனார். நாங்கள் பின்னாலேயே நுழையப் பார்த்தோம். கையைக் காட்டி நிறுத்தி, கேட்டைச் சாத்தினார். உள்ளே சேரை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. ஃபேன் போடுகிற சத்தம். பிறகு குரல் வந்தது. “ம்… இப்ப பெல் அடி.”

இவர் பெல் அடித்தார்.

“யாரு?”

“நான்தான்க்கா. பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கோம்” என்றார். உள்ளிருந்தே “வாங்க” என்று குரல் வந்ததும், போய்ப் பழத்தோடு கட்டை அக்கா கையில் கொடுத்தோம். சணல் முடிச்சை அக்காதான் பிரித்தார். முதல் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்கள் மகளின் பெயரைச் சொல்லி நீளமாக ஜெபம் பண்ணினார்.

காப்பி குடிக்கும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். “அக்கா, இனிமே நீ ரோட்டுக்கு வர வேணாம். மிஷின் இருக்கு. நான் நேரா வந்துடுவேன். நீ நிக்கக் கூடாதுன்னுதான் இதையே வாங்கினேன்.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “நான் நிக்கிறதுல உனக்கென்னடா கஷ்டம்? உள்ள உக்காந்திருந்தா பெல் அடிச்சப்புறம்தான் நீ வந்தது தெரியும். அங்க நின்னா, நீ தூரத்துல வர்றப்பவே எனக்குத் தெரியும்ல?”

இவர் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்க் கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன்.

கல்யாணத்தில் எங்கள் மகளை அக்காதான் கைபிடித்து அழைத்துப்போனார். அது முடிந்து இவ்வளவு நாளாகிவிட்டது. மிஷின் இன்னும் அந்த அலுமினியப் பட்டையில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் அக்காவைப் பார்க்கக் கிளம்பியபோது பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அக்கா வீடு என்று போட்டால், வழிக்கோடு லேஅவுட்டுக்குள் போகவில்லை. அந்தப் புதுத் தார் ரோட்டுப் பக்கமும் திரும்பவில்லை. தாம்பரத்திலிருந்து வருகிற பக்கமாகவே போய், பேக்கரி திருப்பத்தில் முடிந்துவிட்டது.

“இதுல தப்பா இருக்கே?” என்றேன்.

“தப்பில்ல, நான்தான் மாத்தி வச்சேன்” என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.